மரபிட ஒளிப்படவியல்

மரபிட ஒளிப்படவியல் என்பது பழமையான கட்டிடங்கள், சிற்பங்கள், கல்வெட்டுகள், பழந்தெருக்கள், அவற்றைச் சூழ்ந்த அன்றாட வாழ்க்கை ஆகியவற்றை ஒளிப்படக் கருவியால் பதிவு செய்யும் துறை ஆகும். பெரும்பாலும் ஒளிப்படக் கலைஞர் ஓர் ஊரை நடந்தே சுற்றிப் படமெடுப்பார். அழகான காட்சியைப் பிடிப்பது மட்டும் இதன் நோக்கமன்று. ஒரு கட்டிடம் குறிப்பிட்ட நாளில் எந்நிலையில் இருந்தது என்பதற்கான சான்றை உருவாக்குவதே இதன் முதன்மை நோக்கம் ஆகும். புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள கொடும்பாளூர் இத்துறையின் முறைகளை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகின்றது.

வரலாறு

1851ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு தன் நாட்டின் பழங்கட்டிடங்களைப் பதிவு செய்ய ஐந்து ஒளிப்படக் கலைஞர்களை நியமித்தது. அரசு ஒன்று மேற்கொண்ட முதல் பெரிய முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பின்னர் யூஜீன் அட்ஜே என்பவர் பாரிசின் பழைய தெருக்களையும் கடைகளையும் பல ஆண்டுகள் நடந்து சென்று படமெடுத்தார்.

தமிழகத்தில் சென்னை ஒளிப்படக் கழகம் 1856இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் லின்னேயசு டிரைப் (1822–1902) என்னும் படை அலுவலர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமனம் பெற்றார். அவர் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தார். அவர் பெரும்பாலும் மெழுகு பூசிய தாளையே எதிர்ப்படமாகப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் ஒரு பக்கத்திலுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒரே நீண்ட படமாக இணைத்தது அவருடைய குறிப்பிடத்தக்க பணியாகும். புதுக்கோட்டை பற்றிய அவருடைய படத்தொகுப்பு 1858இல் வெளிவந்தது.

கொடும்பாளூர்

கொடும்பாளூர் திருச்சிராப்பள்ளி – மதுரை நெடுஞ்சாலையில், விராலிமலைக்குத் தெற்கே அமைந்துள்ளது. உறையூரிலிருந்து மதுரைக்குச் சென்ற பழைய வழியில் இவ்வூர் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. பின்னர் இது இருக்குவேளிரின் தலைநகராக விளங்கியது.

இங்குள்ள மூவர் கோயிலைப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் மனைவியர் இருவரின் பெயராலும் கட்டுவித்தான். இதன் காலம் 9ஆம் நூற்றாண்டா 10ஆம் நூற்றாண்டா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேற்கு நோக்கிய மூன்று கோயில்களில் நடுக்கோயிலும் தென்கோயிலும் நிற்கின்றன. வடகோயிலின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களும் அடித்தள அளவிலேயே காணப்படுகின்றன. அருகில் முசுகுந்தேசுவரர் கோயிலும், ஐந்தளி எனப்படும் கோயிலின் எச்சங்களும் உள்ளன.

ஒளியும் நேரமும்

புடைப்புச் சிற்பமும் கல்வெட்டும் சாய்ந்த வெயிலில் தெளிவாகத் தெரியும். நண்பகலில் கூரையின் நிழல் சுவரில் விழுவதால் நுண்வேலைப்பாடுகள் மறைகின்றன. மூவர் கோயில் மேற்கு நோக்கியிருப்பதால் அதன் முகப்பைப் பிற்பகலிலும் பின்சுவரைக் காலையிலும் எடுப்பது நன்று.

பக்கச் சுவர்களுக்கு நாளின் நேரத்துடன் ஆண்டின் பருவமும் முக்கியமாகும். மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் வரை கதிரவன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுவதால், வடக்குச் சுவர்களில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் படும். மற்ற மாதங்களில் அச்சுவர்களில் நேர் வெயில் படுவதில்லை. அப்போது தெற்குச் சுவர்களே ஒளி பெறும். இருக்குவேளிர் மரபைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு நடுக்கோயிலின் தெற்குச் சுவரில் உள்ளது. தென்கோயில் மிக அருகில் நிற்பதால் அதன் நிழலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே ஒரே நாளில் இக்கோயிலை முழுமையாகப் பதிவு செய்ய இயலாது.

பதிவு செய்யும் முறை

முதலில் தொலைவிலிருந்து முழுத் தோற்றமும், அடுத்து நான்கு திசைத் தோற்றங்களும், பின்னர் அடித்தளம், சுவர், விமானம் என உறுப்புகளும், இறுதியில் ஒவ்வொரு சிற்பமும் எடுக்கப்படும். சிற்பத்தின் அருகில் அளவுகோல் வைத்து ஒரு படமும், அஃதின்றி ஒரு படமும் எடுப்பது வழக்கம். நாள், நேரம், திசை ஆகியவை குறித்துக்கொள்ளப்படும். இக்குறிப்புகள் இல்லாத படம் சான்றாகும் மதிப்பைப் பெரிதும் இழந்துவிடும். இடிந்த அடித்தளங்களும் சிதறிய கற்களும் விடப்படலாகாது. கோயிலின் முழு அமைப்பை அவையே உணர்த்துகின்றன.

சான்றாகப் பயன்படுதல்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் தொகுத்துள்ளது. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியும், விருத்தாசலம் கோயிலிலிருந்து திருடப்பட்ட அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் ஆசுத்திரேலிய அருங்காட்சியகங்களுக்கு விற்கப்பட்டிருந்தன. அவை கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட இந்நிறுவனத்தின் படங்கள் அடையாளம் காண உதவின. 2014இல் இரண்டும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. படம் எடுக்கப்படாத சிற்பம் களவுபோனால், அது எக்கோயிலுக்குரியது என நிறுவுவது மிகக் கடினம்.

விதிகளும் நெறிகளும்

மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய இடங்களில் முக்காலி, செயற்கை விளக்கு ஆகியவற்றுக்கும் திரைப்படப் பிடிப்புக்கும் முன் அனுமதி தேவை. வழிபாட்டிலுள்ள கோயில்களின் நிலை வேறு. 2022 திசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி பயன்படுத்தத் தடை விதிக்க உத்தரவிட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தையோ கட்டிடத்தையோ படமெடுத்து வெளியிடுவது உரிமை மீறல் ஆகாது. எனினும் தெருவிலும் வயலிலும் உள்ள மக்களைப் படமெடுக்குமுன் அவர்களுடைய இசைவைப் பெறுதல் நன்னெறியாகும். கல்வெட்டைத் தெளிவாக்குவதற்காக எண்ணெயோ சுண்ணப் பொடியோ பூசுவது கல்லுக்குக் கேடு விளைவிக்கும். கண்ணாடி கொண்டு சாய்வாக ஒளியைத் திருப்புவதே போதுமானது.