வணிகக் கட்டிட மின்னமைப்பு மேம்பாடு

வணிகக் கட்டிட மின்னமைப்பு மேம்பாடு என்பது, அலுவலகம், கடைத்தொகுதி, தங்கும் விடுதி, மருத்துவமனை போன்ற கட்டிடங்களுக்கு வரும் மின்னிணைப்பின் கொள்திறனை உயர்த்துவதையும், அம்மின்சாரத்தைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் சுவிட்ச்கியரை மாற்றியமைப்பதையும் குறிக்கும். மின்சுற்றுகளை இணைக்கவும் துண்டிக்கவும் பழுதிலிருந்து காக்கவும் பயன்படும் ஆளிகள், உருகிகள் (பியூஸ்), மின்சுற்று முறிப்பான்கள் (பிரேக்கர்), அவற்றை இணைக்கும் உலோகப் பட்டைகள் (பஸ்பார்) ஆகியவற்றின் தொகுதியே சுவிட்ச்கியர் எனப்படுகிறது.

தேவைக்கான காரணங்கள்

ஒரு கட்டிடம் கட்டப்பட்டபோது கணக்கிடப்பட்ட மின்சுமை காலப்போக்கில் மாறுகின்றது. விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் வடிவமைக்கப்பட்ட கட்டிடத்தில் பின்னர் குளிர்சாதனங்கள், மின்தூக்கிகள், கணினிகள், மின் வாகன மின்னேற்றிகள் முதலியன சேர்கின்றன.

மும்முனை மின்சாரத்தில் 400 வோல்ட்டு மின்னழுத்தம், 0.9 திறன் காரணி எனக் கொண்டால், 60 கிலோவாட்டு சுமைக்கு ஒவ்வொரு முனையிலும் சுமார் 96 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். சுமை 120 கிலோவாட்டு ஆனால் அது சுமார் 192 ஆம்பியர் ஆகும். மின்கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதே கம்பியில் மின்னோட்டம் இருமடங்காகும்போது வெப்பம் நான்கு மடங்காகிறது. இவ்வெப்பம் காப்புறையை வறளச் செய்து, இணைப்புகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடி மேலும் வெப்பம் உண்டாகிறது. மின்பலகைகளில் தீ பற்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

கணினி, எல்.ஈ.டி. விளக்கு போன்ற மின்னணுச் சாதனங்கள் சைன் அலை வடிவிலிருந்து விலகிய மின்னோட்டத்தை எடுக்கின்றன. இதிலுள்ள மூன்றாம் சீரிசை மின்னோட்டங்கள் மூன்று முனைகளிலிருந்தும் வந்து நொதுமல் கம்பியில் (நியூட்ரல்) ஒன்றையொன்று நீக்காமல் ஒன்றுசேர்கின்றன. முனைக் கம்பியின் பாதிக் குறுக்களவுள்ள நொதுமல் கம்பியைக் கொண்ட பழைய கட்டிடங்களில் இது ஆபத்தானது.

முறிப்புத் திறன்

மின்சுற்று முறிப்பானுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, அது தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம். மற்றொன்று, குறுக்குச்சுற்று ஏற்படும்போது அது பழுதின்றித் துண்டிக்கக்கூடிய உச்ச மின்னோட்டம். இது முறிப்புத் திறன் எனப்படும்.

குறுக்குச்சுற்று மின்னோட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டிடத்தின் சுமை அன்று. மின்சாரம் வழங்கும் மின்மாற்றியே. 4 விழுக்காடு மறிப்புடைய 250 கிலோவோல்ட்டு-ஆம்பியர் மின்மாற்றியின் முனையில், 400 வோல்ட்டில், ஏறத்தாழ 9,000 ஆம்பியர் பாயக்கூடும். அதற்குப் பதிலாக 5 விழுக்காடு மறிப்புடைய 1000 கிலோவோல்ட்டு-ஆம்பியர் மின்மாற்றி நிறுவப்பட்டால், அது ஏறத்தாழ 29,000 ஆம்பியராக உயர்கிறது. முதலாவதற்குப் போதுமானதாயிருந்த 10,000 ஆம்பியர் முறிப்புத் திறனுள்ள முறிப்பான், இரண்டாவதன் அருகே குறுக்குச்சுற்றைத் துண்டிக்க முயலும்போது வெடித்துச் சிதறக்கூடும். அப்போது எழும் மின்வில்லின் வெப்பநிலை பல்லாயிரம் பாகையை எட்டும். அருகில் நிற்பவருக்கு அது உயிராபத்தாகும். எனவே, தன் சுமை சிறிதும் கூடாத ஒரு கட்டிடத்திலும், மின்மாற்றி மாற்றப்பட்டால் சுவிட்ச்கியரை மறு ஆய்வு செய்ய வேண்டும். மின்வடத்தின் (கேபிள்) நீளம் கூடக்கூட இம்மின்னோட்டம் குறையும் என்பதால் ஒவ்வொரு மின்பலகைக்கும் தனித்தனியே கணக்கிடுவர்.

கருவிகளின் வளர்ச்சி

தொடக்ககால மின்பலகைகள் பளிங்கு அல்லது பலகைக்கல்லின் மீது பொருத்தப்பட்ட திறந்த கத்தி ஆளிகளைக் கொண்டிருந்தன. பின்னர் இரும்புப் பெட்டிக்குள் அமைந்த ஆளிகளும், கம்பி மாற்றக்கூடிய உருகிகளும் வந்தன. எரிந்த உருகிக்குத் தடித்த கம்பியைக் கட்டிவிடும் வழக்கம் இவ்வுருகிகளின் பெருங்குறையாகும். செருமனியின் ஊகோ இசுட்டொட்சின் நிறுவனம் 1924 ஆம் ஆண்டில் சிறு மின்சுற்று முறிப்பானுக்குக் காப்புரிமை பெற்றது.

உயர் அழுத்தத்தில் எண்ணெய் முறிப்பான்களுக்குப் பதிலாக வெற்றிட முறிப்பான்களும், சல்பர் எக்சாபுளோரைடு வளிமம் கொண்டவையும் பரவின. இவ்வளிமம் கார்பன் டைஆக்சைடைப் போல் 20,000 மடங்குக்கும் மேல் புவி வெப்பமாக்கும் திறன் உடையது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் மூலம் அதன் புதிய பயன்பாட்டைப் படிப்படியாகத் தடை செய்து வருகிறது.

செயல்முறை

மேம்பாட்டுப் பணி பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும்.

1. அளவீடு: எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. எனவே பொருத்தப்பட்ட சுமைகளைக் கூட்டுவதோடு நில்லாமல், உண்மையான உச்சத் தேவையும் அளந்து பதியப்படும்.
2. வடிவமைப்பு: ஒற்றைக்கோட்டு வரைபடம், குறுக்குச்சுற்றுக் கணக்கு, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு ஆகியன தயாரிக்கப்படும். ஓர் அறையில் ஏற்படும் பழுதுக்கு அவ்வறையின் முறிப்பான் மட்டுமே துண்டிக்க வேண்டும். முழுக் கட்டிடமும் இருளக்கூடாது.
3. விண்ணப்பம்: கூடுதல் சுமைக்கு மின் வழங்கல் நிறுவனத்தின் ஒப்புதல் பெறப்படும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டால் உயர் அழுத்த இணைப்பும் சொந்த மின்மாற்றியும் தேவைப்படும்.
4. மாற்றம்: மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஆளி பூட்டப்பட்டு, மின்னழுத்தம் இல்லை என்பது கருவியால் உறுதி செய்யப்பட்ட பின்னரே பணி தொடங்கும். இடைக்காலத்தில் இன்றியமையாச் சுமைகளுக்கு மின்னாக்கி (ஜெனரேட்டர்) பயன்படுத்தப்படும். அதன் மின்சாரம் வெளிக் கம்பிகளுக்குத் திரும்பிச் செல்லாதவாறு தடுப்பது கட்டாயமாகும். இல்லையெனில் கம்பத்தில் பணியாற்றும் ஊழியர் உயிரிழக்க நேரிடும்.
5. சோதனை: காப்புத் தடை, புவித்தொடுப்பு, இணைப்புகளின் இறுக்கம், முனை வரிசை ஆகியன சோதிக்கப்படும். இரு முனைகள் இடம் மாறினால் மும்முனை மோட்டார்கள் எதிர்த்திசையில் சுழலும். நொதுமல் இணைப்பு விட்டுப்போனால், 230 வோல்ட்டுச் சாதனங்களுக்கு 400 வோல்ட்டு வரை கிடைத்து அவை பழுதடையும்.

பழைய மின்பலகைகளில் கல்நாரும், பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பாலிகுளோரினேற்றிய பைபீனைல்களும் இருக்கக்கூடும். இவை உடல்நலத்துக்குக் கேடானவை என்பதால் தனியாகக் கையாளப்படுகின்றன.

இந்தியாவில் விதிமுறைகள்

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுக்குப் பதிலாக, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு மற்றும் மின் வழங்கல் ஒழுங்குமுறைகள் 2010 இல் நடைமுறைக்கு வந்தன. இவை 2023 இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன. பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்களே செய்ய வேண்டும். மின்பலகையின் முன்னே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும், பின்புறம் இடைவெளி விட்டால் அது 20 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 75 சென்டிமீட்டருக்கு மேலாகவோ இருக்க வேண்டும் என்பதும் நெடுங்காலமாக உள்ள விதிகளாகும். ஒருவர் நுழையவே இயலாத இடைவெளியும், தடையின்றி நடமாடக்கூடிய இடைவெளியும் ஏற்கத்தக்கவை. நுழைந்தவர் சிக்கிக்கொள்ளக்கூடிய இடைவெளி ஏற்கத்தக்கதன்று. பழைய கட்டிடங்களின் மின்னறைகள் நாளடைவில் பொருட்கள் அடுக்கும் இடமாக மாறிவிடுவதால், மேம்பாட்டுப் பணியின்போது இவ்விடைவெளியை மீட்பதும் ஒரு முக்கிய வேலையாக அமைகிறது.