தவறு காவலருடையது, பதில் அமைச்சருடையது

ஜோகூர் கடற்பாலத்தைக் கடந்து செல்லும் தோட்டத் தோழர்கள் பலருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி பழகிய இடமே. 2014 ஜனவரி 17 அன்று, ஒரு மாது குடிநுழைவுச் சோதனையை முடிக்காமலேயே காரோட்டி அதனைக் கடந்துவிட்டார். மூன்று நாள் கழித்து, சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் வளாகத்தில் பிடிபட்டார்.

சாவடியில் தவறியவர்கள் கீழ்நிலை அதிகாரிகள். ஆயினும் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தவர் துணைப் பிரதமரும் உள்துறை அமைச்சருமான டியோ சீ ஹியன். பண்டகசாலைக் கணக்குக் குறைந்தால் கிராணியை விசாரிப்பர். கம்பெனிக்குப் பதில் எழுதவேண்டியவர் துரையல்லவா?

இதனினும் பெரிய சோதனை 2008இல் வந்தது. ஜெமா இஸ்லாமியா இயக்கத்தின் சிங்கப்பூர்த் தலைவரெனக் கூறப்பட்டு, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்த மாஸ் செலாமாட் கஸ்தாரி, பிப்ரவரி 27 அன்று விட்லி சாலைத் தடுப்புக் காவல் நிலையத்தின் கழிவறைச் சன்னல் வழியே தப்பினார். மறுநாளே அமைச்சர் வோங் கான் செங் அவையில் வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 21 அன்று விசாரணைக் குழுவின் முடிவுகளை எடுத்துரைத்தார். அச்சன்னலுக்குக் கம்பியே இல்லை!

முழு அறிக்கை, பாதுகாப்பு இரகசியம் கருதி வெளியிடப்படவில்லை. சிக்கல் இங்கேதான் உள்ளது. காவல் நிலையத்தின் அமைப்பை ஊரறியச் சொல்லலாகாது என்பது நியாயமே. ஆனால் எதை மறைப்பது என்று முடிவு செய்வதும் பதில் சொல்லவேண்டிய அதே அரசாங்கந்தான். ஆகவே உறுப்பினர்கள் விடாமல் கேட்பதொன்றே மக்களுக்குள்ள காப்பு. அமைச்சர் பதவி விலகவேண்டாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. அதிகாரிகள் சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர், அமைச்சர் விலகவில்லை. தப்பியவர் 2009 ஏப்ரல் 1 அன்று ஜோகூரில் மலேசியக் காவல் துறையினரிடம் சிக்கினார்.