சேம அச்சு

மெல்பேர்ண் நகரில் வாழும் என் தம்பியிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு கடிதம் வந்தது. தொலைபேசி கையிலிருக்கும் இக்காலத்தில் அவன் தாளெடுத்து எழுதுவது அரிது. எழுதினால் அதில் பாரமான செய்தி ஏதேனும் இருக்கும். "அண்ணா, வீட்டை மகளுக்கு எழுதிவிட்டோம். இனி நானும் இவளும் சக்கரங்களின்மேல் குடியிருக்கப் போகிறோம். மோட்டார் இல்லம் வாங்குவதா, காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் கரவன் வாங்குவதா என்பதுதான் இன்னும் தீரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தான்.

தம்பிக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன். குருமண்வெளித் துறையடியில் அமர்ந்து அக்கடிதத்தை இருமுறை படித்தேன். எனக்கு முதலில் வந்தது சினமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எங்கள் வீட்டின் கூரை பறந்தது. பின்னர் போர்க்காலத்தில் இருமுறை கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு ஓடினோம். நிலையான ஒரு கூரையின் கீழ் உறங்குவதற்காக வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டவர்கள் நாங்கள். இவனோ இருந்த வீட்டை விட்டுத் தானாகவே தெருவுக்கு இறங்குகிறான்!

இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "உங்கள் அப்பா செய்ததைத்தானே தம்பியும் செய்திருக்கிறார்?" என்றாள்.

அவள் கூறியது உண்மை. எங்கள் மட்டக்களப்பு மரபில் வீடு பெண்ணுக்குரியது. தாய்வழியாகக் குடி எண்ணும் இந்நாட்டில், மகளுக்குத் திருமணமானால் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அருகிலோ சிறியதொரு மனையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவர். எங்கள் தந்தையார் அக்காவுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வேலியோரத்துக் குடிலிற் குடிபுகுந்தார். தம்பியின் குடிலுக்குச் சக்கரம் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. சினம் தணிந்தபின் அவன் கேட்ட கேள்வியைச் சிந்திக்கலானேன்.

இருவகை வண்டிகளையும் அறியாத வாசகருக்காகச் சிறிது விளக்குதல் நலம். மோட்டார் இல்லம் என்பது எஞ்சினும் சாரதியின் இருக்கையும் கட்டிலும் அடுப்பும் ஒரே உடலாய் அமைந்த வண்டி. 1950களில் வோக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தி ஜெர்மானியர் செய்த வண்டிகள் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றன. கரவன் என்பது எஞ்சின் இல்லாத வீடு. காரோ ஜீப்போ அதனை இழுக்கவேண்டும். இதுவே மூத்த வடிவம். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர் 1885ஆம் ஆண்டு பிறிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்ற வீட்டு வண்டியைச் செய்வித்து, அதிற் குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை உல்லாசப் பயணம் போனார். 1959ஆம் ஆண்டிலோ, வாலி பயம் என்ற அமெரிக்கரின் தலைமையில் அலுமினியக் கரவன்களின் நீண்ட தொடரொன்று ஆபிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கிப் புறப்பட்டது.

ஆயினும் வண்டியே வீடாக வாழ்வதைத் தமிழர் பிறரிடம் கற்கவேண்டிய நிலையில் இருந்ததில்லை. சங்ககாலத்து உப்பு வணிகரான உமணர், மனைவி மக்களோடும் தட்டுமுட்டுப் பொருள்களோடும் வண்டித் தொடராக நாடுவிட்டு நாடு சென்றவர்கள். பெரும்பாணாற்றுப்படை அக்காட்சியை விரித்துக் காட்டுகிறது. அவ்வண்டிகளில் வீடு வேறு, இழுக்கும் எருது வேறு. இன்றைய மொழியிற் சொன்னால் அவை கரவன்களே.

என் தந்தையாரிடமும் அத்தகைய கூட்டு வண்டில் ஒன்று இருந்தது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எங்கள் வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. வீடு இக்கரையில், வயல் அக்கரையில். 2014ஆம் ஆண்டு மண்முனையிற் பாலம் திறக்கப்படும்வரை, இடையிலே வாவியைக் கடப்பதற்குத் துறைகளையே பெரிதும் நம்பியிருந்தோம். வாவியைக் கடத்தும் மிதவைக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்றே பெயர். 1960களில் விதைப்புக் காலம் வந்தால் தந்தையார் வண்டிலைப் பாதையில் ஏற்றி மண்டூர்க் கரைக்குக் கொண்டுபோவார். வயலோரத்து மரநிழலில் எருதுகளை அவிழ்த்துவிட்டு, ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினால், அறுவடை முடியும்வரை அந்த வண்டிற் கூடே எங்கள் பள்ளியறையும் களஞ்சியமும். விதைநெல் எடுக்கவேண்டுமானால் எருது மட்டும் போய்வரும். வீடு நின்ற இடத்தில் நிற்கும்.

வண்டிலிற் பாரம் ஏற்றும்போது தந்தையார் எங்களைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார். முன்பாரம் மிகுந்தால் நுகம் எருதின் பிடரியை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழுந்து கழுத்துக் கயிறு குரல்வளையை இறுக்கும். கைப்பிடியளவு கூடுதலாய் முன்னே தாழ்ந்திருப்பதே நல்ல வண்டில் என்பார். தம்பி அனுப்பிய குறிப்புகளைப் படித்தபோது அந்தக் குரலே என் செவியில் ஒலித்தது. கரவனின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு காரின் கொளுக்கியில் இறங்கவேண்டும் என்பது பொதுவான விதி. அது குறைந்து பின்பாரம் மிகுந்தால், விரைந்து செல்கையில் கரவன் மீன்வாலைப் போல் இடமும் வலமும் அலையத் தொடங்கி, காரையும் இழுத்துக்கொண்டு புரளும். தண்ணீரும் பாரமே, நூறு லீற்றர் தாங்கியை நிரப்பினால் நூறு கிலோ ஏறிற்று. அவுஸ்திரேலியச் சட்டப்படி 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வண்டிக்குத் தனிப் பிரேக் வேண்டும்; இரண்டு தொன்னைக் கடந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, கொளுக்கி அறுந்தால் வண்டி தானே நிற்கும் அமைப்பும் வேண்டும்.

மோட்டார் இல்லத்துக்கு இத்தொல்லைகள் இல்லை. கொளுவலும் கழற்றலும் இல்லை. பின்னோக்கிச் செலுத்தும்போது கரவன் எதிர்த்திசையில் திரும்புவதால் வரும் தடுமாற்றம் இல்லை. மழையில் நனையாமலே படுக்கையிலிருந்து சாரதி இருக்கைக்குப் போகலாம். இடம் பிடிக்காவிட்டால் அந்த நொடியே புறப்படலாம். மொத்த நிறை நாலரைத் தொன்னுக்கு உட்பட்டதாயின், அந்நாட்டிற் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே அதற்குப் போதும். நாள்தோறும் ஊர் மாறுபவனுக்கு இதைவிடச் சிறந்த வண்டி இல்லை.

ஆனால் தம்பி கேட்டது உல்லாசப் பயணத்தைப் பற்றியன்று. ஆண்டு முழுவதும் குடியிருப்பதைப் பற்றி. அப்படி வாழ்பவர்கள், ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகப் பெரிது. மருந்து வாங்கவேண்டும், வைத்தியரைக் காணவேண்டும், அரிசி பருப்பு வாங்கவேண்டும். மோட்டார் இல்லத்தில் வாழ்பவன் ஒவ்வொரு முறையும் கோப்பைகளை அடுக்கி, அலுமாரிக் கதவுகளைப் பூட்டி, வீட்டையே கடைக்குக் கொண்டுபோகவேண்டும். எஞ்சின் பழுதுபட்டு வண்டி கராச்சுக்குப் போனாலோ, அன்றிரவு அவனுக்குப் படுக்கை இல்லை. பத்து ஆண்டுகளில் எஞ்சின் கிழடானால் நல்ல வீடும் அதனோடு சேர்ந்து மதிப்பிழக்கும். கரவன்காரனுக்கோ கார் பழுதானாலும் வீடு இருக்கும். வீடு பழுதானாலும் கார் இருக்கும்.

நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பைக் கிராமத்தில் வாழும் குறவர் சமூகத்தார், தலைமுறை தலைமுறையாகக் கழுதைகளிற் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊரூராய்ச் சென்றவர்கள். தம்முள் தெலுங்கு பேசி, பாம்பாட்டியும் குறிசொல்லியும் பிழைத்தவர்கள். ஓரிடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை என்பது அவர்களிடை வழங்கிய மரபு. அவர்களே இன்று நிலையான ஊரில், வீடும் விலாசமும் உடையவர்களாய் வாழ்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், வாக்காளர் பட்டியலிற் பெயர் பதியவும் ஒரு விலாசம் வேண்டியிருக்கிறது. சக்கரத்தின்மேல் வாழ்பவனுக்கும் கடிதம் வந்து சேர ஓர் இடம் இருத்தல் வேண்டும். மகளுக்குக் கொடுத்த வீடே தம்பிக்கு அந்த இடம். நல்ல வேளையாக, அவன் அதை விற்கவில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, "கரவனே வாங்கு" என்று நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினேன். புறநானூற்றின் 102ஆம் பாட்டையும் அதிற் சேர்த்தேன். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியிற் கட்டிச்செல்லும் 'சேம அச்சு' என்பதைக் குறிப்பிடுகிறார். எருதுகளோ இளையவை, பாரமோ பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்கும் என்று எவர் அறிவார்? ஆகவே ஓர் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு மற்றோர் அச்சு உடன் போகிறது. "வீடும் எஞ்சினும் தனித்தனியே இருந்தால் ஒன்றுக்கு மற்றது சேம அச்சாகும்" என்று, முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த பெருமிதத்தோடு முடித்தேன்.

உறையை ஒட்டுமுன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. வழியிலே தம்பிக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த வண்டியை யார் ஓட்டுவது? வீடு பெண்ணுக்கு என்று சொல்கிறீர்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். நான்கு பக்கங்களில் பாரத்தையும் பிரேக்கையும் சங்கப் பாட்டையும் எழுதிய எனக்கு, அந்த வீட்டிற் பாதியாய் வாழப்போகும் தம்பி மனைவியின் நினைவு ஒரு வரியிலும் எழவில்லை. அதிலும் பெரிய வெட்கம், நான் சான்று காட்டிய பாட்டையே நான் சரியாகப் படிக்கவில்லை என்பது. ஔவையார் சேம அச்சு என்று சொன்னது ஒரு மரத்துண்டை வியப்பதற்காக அன்று. தந்தையின் பாரத்தைத் தாங்க அருகில் நிற்கும் மகனையே அவ்வாறு உவமித்தார். சேம அச்சு ஒரு மனிதன்! பெரும்பாணாற்றுப்படையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த உப்பு வண்டியின் எருதுகளை முடுக்கிச் செலுத்துபவள் யார்? குழந்தையை உடைய ஒரு பெண்.

எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, ஒரே பக்கத்தில் மற்றொன்று எழுதினேன். "எதை வாங்கினாலும் உன் மனைவி தனியே அதைக் கொளுவவும், ஓட்டவும், பின்னோக்கி நிறுத்தவும் முடியவேண்டும். முடியாதென்றால், அது எத்துணை அழகிய வண்டியாயினும் உங்களுக்கு உரியதன்று. இரண்டையும் வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பாருங்கள். முடிவை அவள் சொல்லட்டும்."

மூன்று மாதங்களின் பின் வந்த விடையைத் தம்பி மனைவியே எழுதியிருந்தாள். முதல் இரு வாரங்கள் மோட்டார் இல்லத்தில் இருந்தார்களாம். ஓட்டுவதற்கு எளிதாய் இருந்தது. ஆனால் தம்பிக்கு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டிய நாள்களில், காலை உணவுப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கியபின்னரே புறப்பட முடிந்தது. வைத்தியசாலை முன்றிலில் அந்த நீண்ட வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அடுத்த இரு வாரங்கள் ஒரு பெரிய கரவன். உள்ளே அரண்மனை, ஆனால் கொளுக்கியைத் தூக்க அவளால் இயலவில்லை, பின்னோக்கிச் செலுத்துகையில் ஒரு வேலியும் சாய்ந்தது. இறுதியில், ஒற்றை அச்சில் இரு சக்கரங்களோடு, பாரம் ஏற்றியபின்னும் இரண்டு தொன்னுக்குக் குறைந்த சிறிய கரவன் ஒன்றைத் தெரிந்தெடுத்தார்களாம். கொளுக்கியை ஏற்றி இறக்க அதிலொரு சிறு சில்லும் கைப்பிடியும் உண்டு. வெறுமையான விளையாட்டு மைதானத்திற் பத்து நாள்கள் பழகி, இப்போது தம்பியைவிடச் சீராய்ப் பின்னோக்கி நிறுத்துகிறாளாம்.

"கட்டில் சிறிது, அண்ணா. அலுமாரியும் போதாது. ஆனால் இரவிலே இவர் நோவென்று சொன்னால் வண்டியைக் கழற்றிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நான் ஓடுவேன். அந்தத் தைரியம் வந்தபின்தான் எனக்கு நித்திரை வந்தது" என்று கடிதத்தை முடித்திருந்தாள்.

என் தந்தையாரின் வண்டில் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிற் கூட்டை இழந்து, சட்டத்தோடு எஞ்சிற்று. வீட்டுக் கூரை மேயப்படும்வரை அதன்மேல் தார்ப்பாயை விரித்து அதன்கீழ்ப் படுத்தோம். அந்நாள்களில் தந்தையார் காய்ச்சலோடு கிடந்தார்; எருது பூட்டி, வாவிக் கரைவரை ஓட்டிப்போய் நிவாரண அரிசி ஏற்றிவந்தவர் எங்கள் தாயார். இத்தனை ஆண்டுகளும் அதைப் பேரிடர் நாள்களின் ஒரு சிறு நிகழ்ச்சியாகவே எண்ணியிருந்தேன். தம்பி மனைவியின் கடிதத்தை மடித்து வைக்கும்போதுதான், அன்று எங்கள் குடும்பத்தின் சேம அச்சு எது என்பது எனக்கு விளங்கிற்று.