உங்களுக்குத் தெரியுமா? ராவோடு ராவாக இடம் மாறும் பொத்தான்கள்

● டெஸ்லா கார் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் கிறிஸ்துமஸ் பரிசு போல ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வரும். 2021 டிசம்பரில் வந்தது வி11. அதில் சுடோக்கு இருந்தது, சோனிக் விளையாட்டு இருந்தது, பாட்டுக்கு ஏற்றபடி கார் விளக்குகளை மினுக்கிக் காட்டும் 'லைட் ஷோ' இருந்தது. இண்டிகேட்டர் போட்டதும் பக்கவாட்டுக் கேமராக் காட்சி திரையில் தெரியும் வசதியும் வந்தது. அது நிஜமாகவே உருப்படியானது. ஆனால் திரையின் அடிப்பட்டையில் நேற்றுவரை இருந்த சில குறிகளைக் காணோம்! கண்ணாடியில் படியும் பனியை நீக்குவது, இருக்கையைச் சூடாக்குவது எல்லாம் ஒரு மெனுவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. வட அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்ணாடி உறைந்து கிடக்கும் மாதம் அது. சுடோக்கு வெளியே, பனிநீக்கி உள்ளே என்று முடிவெடுத்த புண்ணியவான் எந்த ஊரில் இருந்துகொண்டு வேலை பார்த்தாரோ! புகார்கள் குவிந்தன. அடுத்தடுத்து வந்த அப்டேட்களில் சில குறைகள் சரிசெய்யப்பட்டன.

● ஒரு தட்டில் முடிந்த வேலைக்கு இரண்டு தட்டு, அவ்வளவுதானே என்று தோன்றும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. பழைய காரில் திருகு ஒரு மாதிரி, தள்ளும் விசை ஒரு மாதிரி; இருட்டிலும் விரலே கண்டுபிடித்துவிடும். கண்ணாடித் திரையில் மேடு பள்ளம் கிடையாது, எந்தக் குறியைத் தொட்டாலும் ஒரே வழவழப்புதான். அங்கே ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே பிடிமானம், எது எங்கே இருக்கிறது என்ற பழக்கம். அப்டேட் கை வைப்பது அந்தப் பழக்கத்தில்தான். மளிகை டப்பாக்களை யாரோ ராத்திரியில் மாற்றி அடுக்கிவிட்டுப் போன சமையலறையில், அடுப்பில் எண்ணெய் காயும்போது கடுகைத் தேடுவது போல.

● அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. காருக்குள் இருக்கும் திரையில் எந்த வேலை செய்தாலும் ஓட்டுநரின் பார்வை ஒரு தடவைக்கு 2 விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது. மொத்த வேலைக்கும் 12 விநாடி தாண்டக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்றால் ஏறக்குறைய 55 மீட்டர். அது வெறும் வழிகாட்டுதல்தான், மீறினால் அபராதம் கிடையாது. 2017-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் 30 புதிய கார்களைச் சோதித்தார்கள். வழிகாட்டும் வரைபடத்தில் போகும் இடத்தைப் பதிவு செய்ய மட்டுமே சராசரியாக 40 விநாடி ஆனது.

● பொத்தானா, திரையா என்ற பட்டிமன்றத்துக்கு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லப் பார்த்தது ஸ்வீடனின் 'வி பில்லேகரே' என்ற கார் பத்திரிகை. 2022-இல் தொடுதிரை வைத்த 11 புதிய கார்களையும், 2005-ஆம் ஆண்டின் பழைய வால்வோ வி70 ஒன்றையும் ஒரு விமானத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடியே சில வேலைகளைச் செய்ய வேண்டும்: இருக்கையைச் சூடாக்கு, வெப்பத்தை 2 டிகிரி கூட்டு, பனிநீக்கியைப் போடு, ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்தைப் பிடி, பயணக் கணக்கைப் பூஜ்யமாக்கு, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறை. ஓட்டியவர்களுக்குக் காரோடு பழக முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பழைய வால்வோ 10 விநாடியில் முடித்தது. அதற்குள் ஓடிய தூரம் 306 மீட்டர். கடைசி இடம் எம்ஜி மார்வெல் ஆர் காருக்கு. அதற்கு 44.9 விநாடி, 1,372 மீட்டர்! ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் பாதிக் கண்ணோடு ஓட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. விலை மலிவான டாசியா சாண்டெரோ சுமார் பதின்மூன்றரை விநாடியில் முடித்து, பிஎம்டபிள்யூவின் விலையுயர்ந்த ஐஎக்ஸ் காரை வெகுதூரம் பின்னால் தள்ளியது.

● ஜெர்மனியில் மழை நேரத்தில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார். கார் சாலையை விட்டு விலகி மோதியது. அந்தக் காரில் வைப்பரை ஒரு தடவை அசைக்க ஸ்டீயரிங் பக்கத்தில் விசை இருந்தது, எத்தனை வேகம் என்பதைத் திரையில்தான் மாற்ற வேண்டியிருந்தது. வழக்கு கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் வரை போனது. ஓட்டும்போது கைப்பேசியைத் தொடுவதற்கு என்ன சட்டமோ அதே சட்டம் இந்தத் திரைக்கும் பொருந்தும் என்று 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. அந்த இடத்தில் வைப்பரை வைத்தது கார் நிறுவனம். அபராதம் கட்டியது ஓட்டுநர்.

● காரில் தொடுதிரை ஐபோனுக்குப் பின்னால் வந்தது என்று நினைத்தால், இல்லை. 1986 ப்யூக் ரிவியேரா காரிலேயே வந்துவிட்டது. பழைய டிவி பெட்டி போன்ற 9 அங்குலப் படக்குழாய், பச்சை எழுத்து, ஏசி, ரேடியோ எல்லாம் அதில்தான். கண் சாலையை விட்டு விலகுகிறது என்று அன்றைக்கே புலம்பினார்கள். 1990 மாடலில் பொத்தான்கள் திரும்பி வந்தன.

● அப்டேட்டை மக்கள் கைதட்டி வரவேற்ற கதையும் உண்டு. ஃபோர்டு 2010-இல் மைக்ரோசாஃப்ட் மென்பொருளை நம்பி 'மைஃபோர்டு டச்' என்ற திரையைக் கொண்டுவந்தது. தொட்டால் தாமதம், சில நேரம் திரையே உறைந்துவிடும். புதுக் கார்களின் தரத்தை மதிப்பிடும் ஜே.டி. பவர் பட்டியலில் 2010-இல் 5-ஆம் இடத்தில் இருந்த ஃபோர்டு, மறு ஆண்டே 23-ஆம் இடத்துக்கு விழுந்தது. இஞ்சினில் குறை இல்லை, கியர்பெட்டியும் திரையும்தான் பெயரைக் கெடுத்தன. காற்றில் அப்டேட் அனுப்பும் வழக்கம் அப்போது ஃபோர்டுக்கு இல்லை. ஆகவே 2012-இல் சுமார் இரண்டரை லட்சம் வாடிக்கையாளர்களுக்கு பென்டிரைவைத் தபாலில் அனுப்பினார்கள்! எழுத்து பெரிதானது, திரை எளிதானது.

● ஹோண்டா 2016 சிவிக்கில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை எடுத்துவிட்டது. வாடிக்கையாளர் திட்டு தாங்காமல் 2019 மாடலில் திருப்பி வைத்தது. ஒரே ஒரு திருகு.

● எழுத்தின் அளவுக்காக 22 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதை நம்புவீர்களா? பிரேக், பார்க்கிங், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. டெஸ்லா திரையில் அவை அதைவிடச் சிறியவையாக இருந்தன. 2024 ஜனவரியில் அதிகாரிகள் வழக்கமான சோதனையில் கண்டுபிடித்தார்கள். 'திரும்ப அழைப்பு' என்று பெயரே தவிர ஒரு காரும் பட்டறைக்குப் போகவில்லை. சாஃப்ட்வேர் வழியாகவே எழுத்து வளர்ந்தது.

● அதே நிறுவனம் ஓடும் காரிலேயே முன் திரையில் விளையாட்டு ஆடும் வசதியை வைத்திருந்தது. இது பயணிகளுக்கு மட்டும், நீங்கள் பயணியா என்று திரை கேட்கும். ஆமாம் என்று தட்டினால் போதும். 2021 டிசம்பரில் அரசு விசாரணை தொடங்கியதும், ஓடும்போது அது பூட்டிக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

● சாஃப்ட்வேர் படுத்தும் பாட்டில் உச்சம் சியாட்டில் நகரத்துக் கதைதான். 2022 தொடக்கத்தில் அங்கே 94.9 எஃப்எம்மில் பொது வானொலி கேட்டுக்கொண்டிருந்த சில மஸ்டா கார்களின் திரை பைத்தியம் பிடித்தாற்போல் அணைந்து அணைந்து எரிந்தது. ரேடியோ அந்த ஒரே நிலையத்தில் மாட்டிக்கொண்டது, வேறெதற்கும் மாறாது. பாதிக்கப்பட்டவை 2014 முதல் 2017 வரை வந்த கார்கள். காரணம்? நிலையம் ஒலியோடு அனுப்பிய படக் கோப்பின் பெயரில் '.ஜேபிஜி' மாதிரியான வால் இல்லை. வாலில்லாத கோப்பை என்ன செய்வதென்று காருக்குத் தெரியவில்லை. பல ஆண்டு ஒழுங்காக ஓடிய கார், ஒரு வானொலி நிலையம் அனுப்பிய படத்தால் படுத்துவிட்டது.

2016 ஜூனில் லெக்சஸ் கார்களுக்கும் இதே கதி. போக்குவரத்து, வானிலைத் தகவலோடு தவறான தரவு ஒளிபரப்பாகி, திரைகள் ஓயாமல் மறுபடி மறுபடி தொடங்கின. 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட சாஃப்ட்வேரைக் கார்களுக்கு அனுப்பிவிட்டது. கார் ஓடும், திரை ஓடாது. விரல் தவறிப் பட்டுவிட்டது என்று அந்த நிறுவனத்தின் அதிகாரியே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். விரல் தவறுவது ஓட்டுநருக்கு மட்டும் நடப்பதில்லை போலும்.

● திரைக்கு வயது உண்டு. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களில் இருந்த 8 ஜிபி நினைவகச் சில்லு, எழுதி எழுதியே 5, 6 ஆண்டில் தேய்ந்துபோகும் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். தேய்ந்தால் பின்பக்கக் கேமராவும் பனிநீக்கி அமைப்புகளும் சேர்ந்தே போகும். 2021 பிப்ரவரியில் 1,34,951 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு பொத்தான் கெட்டால் ஒரு பொத்தான்தான் கெடும்.

● பின்னே ஏன் எல்லா நிறுவனங்களும் திரையையே கட்டிக்கொண்டு அழுகின்றன? ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு வேண்டும், வயர் வேண்டும், சோதனை வேண்டும். திரை ஒன்று போதும். மீதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இன்னொரு காரணம், 2018 மே முதல் அமெரிக்காவில் எல்லாப் புதிய கார்களுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம். கேமரா இருந்தால் அதைக் காட்டத் திரை வேண்டுமே!

நியாயமாகச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2018-இல் டெஸ்லா மாடல் 3-இன் பிரேக் பிடிக்கும் தூரம் அதிகம் என்று 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' குறை சொன்னபோது, சில நாளில் ஓர் அப்டேட் வந்து அந்தத் தூரத்தை 19 அடி குறைத்தது. பட்டறைக்கே போகாமல் பிரேக் சரியாவது முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள் கேட்டால் நம்பாத சங்கதி. ஆக, அப்டேட் என்பதே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிரேக்கைத் திருத்துங்கள், வைப்பர் குறியை அதன் இடத்தில் விட்டுவிடுங்கள் என்பதுதான் கேட்பது.

● கப்பலிலும் இதே தொல்லை, விலைதான் மிகப் பெரியது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் இருந்தது திசையையும் வேகத்தையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் அமைப்பு. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கட்டுப்பாட்டை மாற்றும்போது குழப்பம் வந்தது. பயிற்சியும் போதவில்லை என்று விசாரணை சொன்னது. மாலுமிகளைக் கேட்டபோது, கையால் தள்ளும் விசையே வேண்டும் என்றார்கள். அந்த வகைக் கப்பல்களில் அதைத் திரும்ப வைக்கக் கடற்படை முடிவுசெய்தது.

● ஃபோக்ஸ்வாகன் தனது கோல்ஃப் 8, ஐடி.3 கார்களில் திரைக்குக் கீழே ஒலிக்கும் வெப்பத்துக்கும் விரலால் தடவும் பட்டை வைத்தது. ராத்திரியில் அதற்கு வெளிச்சமே இல்லாமல் இருந்தது! இருட்டில் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இனி அந்தத் தவறைச் செய்ய மாட்டோம் என்று 2025-இல் அதன் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட் சொல்லிவிட்டார். ஒலி, இரு பக்க வெப்பம், விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி நிஜப் பொத்தான்.

● ஐரோப்பாவில் கார்களை மோதவைத்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 ஜனவரி முதல் ஒரு புதிய நிபந்தனை வைத்திருக்கிறது. ஐந்து நட்சத்திரமும் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரும் விசை இருக்க வேண்டும். இது சட்டம் அல்ல. வைப்பரைத் திரைக்குள் வைத்தும் கார் விற்கலாம். விளம்பரத்தில் ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.