காலை எடுத்தால் சிவப்பு எரியுமா?

மின்சாரக் கார் வாங்கிய முதல் மாதம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். பின்னால் பைக்கில் மச்சான். கல்லாறு டீக்கடையில் நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேட்டார்: “ஏனுங் மாப்ள, பிரேக்கே புடிக்க மாட்டீங்களா? லைட்டே எரியலீங்க. ரெண்டு வளைவுல உங்க டிக்கியில வந்து முட்டப் பார்த்தேன்.”

பிடிக்கவில்லைதான். ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்தினாலே சக்கரம் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அந்தப் பிடியில் வண்டி அடங்கிவிடும். பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தது இரண்டு மூன்று முறை இருக்கலாம்.

அப்படியானால் பின்னால் சிவப்பு எப்போது எரிய வேண்டும்? கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. விதி 13-ஹெச் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக்கை மிதிக்காமலே அடுத்த வினாடியில் 58-க்கு இறங்கினால் விளக்கு எரியக் கூடாது. 55-க்கு இறங்கினால் எரிந்தே தீர வேண்டும். நடுவில், 56, 57 என்றால் கம்பெனியின் விருப்பம். சும்மா சும்மா மினுக்கினால் பின்னால் வருபவர் சிவப்பை மதிக்க மாட்டார் அல்லவா? அமெரிக்காவில் இந்தக் கணக்கு இல்லை. காலைத் தளர்த்தும்போது விளக்கு எரியலாம் என்று அனுமதி மட்டும் உண்டு.

ஐ.நா. விதியிலும் ஒரு பொத்தல் இருந்தது. ‘ஆக்சிலரேட்டரை விட்டால்’ என்றுதான் பேசியது. பாதி விட்டால்? 2023-இல் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் இதைச் சோதித்தது. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற சில கார்கள் ஒற்றைப் பெடல் முறையில் (ஆக்சிலரேட்டரை வைத்தே ஓட்டவும் நிறுத்தவும் செய்வது) நன்றாகவே வேகம் குறைந்தும், கால் முழுதாக எழும் வரை விளக்கைப் போடவில்லை. வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைத்தானே பார்க்க வேண்டும், காலை ஏன் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வியும்.

மச்சான் சொன்னதிலும் பாதிதான் சரி. நேர் இறக்கத்தில் முள் 30-லேயே நின்றது; வேகம் குறையாதபோது விளக்குக்கு வேலையில்லை. செகண்ட் கியரில் இறங்கும் லாரிக்கும் அப்படித்தான். வளைவுக்கு முன்னால் எரிந்திருக்க வேண்டும்.

ஒரு ராத்திரி, ஆளில்லாத லேஅவுட் ரோட்டில் அவரையே பின்னால் வரச் சொன்னேன். காலைச் சட்டென்று எடுத்தபோது சிவப்பு உடனே வந்ததாம். மெல்லத் தளர்த்தியபோது, வண்டி பாதி அடங்கிய பிறகுதான் வந்ததாம்.

இப்போதெல்லாம் கண்ணாடியில் பைக் நெருங்கித் தெரிந்தால், தேவையில்லாவிட்டாலும் பிரேக் பெடலை லேசாக ஒரு தொடு தொட்டுவிடுகிறேன்.