114 ஆண்டு உழைக்குமா உங்கள் ஹார்ட் டிஸ்க்?

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வு பெற்ற பின் முதன் முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் அவர். ஹார்ட் டிஸ்க்கின் விவரத் தாளில் "எம்.டி.பி.எப். 10,00,000 மணி நேரம்" என்று இருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டு! "என் பேரன் காலத்துக்கும் இதுவே போதும்டா" என்று மகிழ்ந்து போனார்.

ஐந்தாவது மாதம் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். மறுநாள் விண்டோஸ் வரவில்லை. தங்கையின் கல்யாண போட்டோக்கள் அத்தனையும் அதில் தான் இருந்தன. "இவ்வளவு பெரிய பொய்யை அச்சடிச்சுக் குடுக்குறான், கேக்க ஆள் இல்லையா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் வீட்டில் எல்லாவற்றுக்கும் நாம் தானே பொறுப்பு!

அந்த எண் பொய் அல்ல; நாங்கள் படித்த விதம் தான் தவறு. நான் வேலை பார்ப்பது விமானங்களின் பராமரிப்புப் பதிவுகளைக் கையாளும் சாப்ட்வேர் பிரிவில். அங்கே தினமும் புழங்கும் எண் இது. அதனால் விமானத்தை வைத்தே விளக்குகிறேன்.

எம்.டி.பி.எப். என்பது இரண்டு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம். ஒரு நிறுவனத்திடம் 10 விமானங்கள் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே வகை ரேடியோ இரண்டு. மாதம் 300 மணி நேரம் பறக்கின்றன. ஆக மொத்தம் 6,000 ரேடியோ மணி நேரம். அந்த மாதம் 4 ரேடியோக்கள் பழுதாயின என்றால் 6,000ஐ 4ஆல் வகுக்க வேண்டும். எம்.டி.பி.எப். 1,500 மணி நேரம். அவ்வளவு தான்! இதில் எந்த ஒரு ரேடியோவும் 1,500 மணி நேரம் ஓடியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இது கூட்டத்தைப் பற்றிய எண். தனி ஒன்றின் ஆயுள் அல்ல.

இன்னொரு உதாரணம். 20 வயது இளைஞர்கள் 1,000 பேரில் ஓராண்டில் ஒருவர் இறந்தால், இதே கணக்கில் "சராசரி" 1,000 ஆண்டுகள் வரும். அதற்காக யாரும் 1,000 ஆண்டு வாழப் போவதில்லை. பழுதாகும் வேகம் எப்போதும் ஒரே அளவில் இருந்தாலும் கூட, எம்.டி.பி.எப். நேரம் முடிவதற்குள் 100க்கு 63 கருவிகள் முதல் பழுதைப் பார்த்திருக்கும்.

சித்தப்பாவின் டிஸ்க்கிற்கு வருவோம். 10 லட்சம் மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 100 டிஸ்க்குகளில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகப் பழுதாகும் என்று பொருள். 2007ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்ஸன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்பட்டிருந்தன. சில இடங்களில் 13 சதவீதம்! விவரத் தாளை விட அனுபவம் எப்போதும் கொஞ்சம் கசப்பு தான்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. எதைப் பழுது என்று எண்ணுவது? விமானத்திலிருந்து சந்தேகத்தின் பேரில் கழற்றப்படும் கருவிகளில் சில, பணிமனையில் சோதித்தால் நன்றாகவே வேலை செய்யும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ரிப்போர்ட், கழற்றிய எல்லாவற்றையும் பழுது என்று எண்ணி விட்டது. நல்ல கருவி ஒன்றின் எண் பாதியாகச் சரிந்தது. பராமரிப்பு இன்ஜினியர் ஒருவர் கூப்பிட்டுத் திட்டிய பிறகு தான் இரண்டையும் தனித்தனியாக எண்ணக் கற்றுக் கொண்டேன்.

புதியது என்றால் நல்லதா?

யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் 1978ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை தந்தனர். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 68 சதவீதம், புதிதாக இருக்கும் போது தான் அதிகம் பழுதாயின. பிறகு ஒரே சீராக ஓடின. 89 சதவீதப் பாகங்களுக்கு "இத்தனை மணி நேரம் ஆனதும் கழற்றிப் பிரித்துப் பார்" என்ற விதியால் பயன் எதுவும் இல்லை. நன்றாக ஓடுவதைப் பிரித்தால் புதுக் கோளாறு நுழையவும் வாய்ப்புண்டு. இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியவை டிசி-8 விமானத்தில் 339. பின்னால் வந்த டிசி-10ல் 7 மட்டுமே. டயர், பிரேக் போலத் தேய்பவைக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு வயது உண்டு.

எனவே புது டிஸ்க் என்பதால் முதல் சில மாதங்கள் கவலை இல்லை என்று எண்ணாதீர்கள். காரணம் இல்லாமல் மாதா மாதம் கேபினட்டைத் திறந்து "சர்வீஸ்" செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. தூசி சேர்ந்தால் மட்டும் திறக்கலாம்.

பழுது நீக்க எவ்வளவு நேரம்?

எம்.டி.டி.ஆர். என்பது பழுதை நீக்கி மீண்டும் இயக்க ஆகும் சராசரி நேரம். ஒரு கருவியின் எம்.டி.பி.எப். 1,000 மணி, எம்.டி.டி.ஆர். 10 மணி என்றால் 1,010 மணி நேரத்தில் 1,000 மணி நமக்குக் கிடைக்கிறது. அதாவது 99 சதவீதம். இதை 99.5 ஆக்க இரண்டு வழிகள். கருவியை இரு மடங்கு உறுதியாகச் செய்யலாம். அல்லது பழுது நீக்கும் நேரத்தைப் பாதியாக்கலாம். இரண்டும் ஒரே பலன் தரும். இரண்டாவது பெரும்பாலும் மலிவு!

விமானத்தில் இதற்காகவே பல கருவிகளைத் தனிப் பெட்டிகளாக வைத்திருக்கிறார்கள். பழுதான பெட்டியை உருவி விட்டு, ஸ்டோரில் இருந்து வேறொன்றைச் செருகி, சோதனையை ஓட்டி, அனுமதி பெற்ற இன்ஜினியர் கையெழுத்திட்டால் விமானம் கிளம்பி விடும். பழைய பெட்டி பணிமனையில் வாரக் கணக்கில் கிடந்தாலும் விமானம் காத்திருக்காது. பாதுகாப்பைப் பாதிக்காத சில பழுதுகளோடு பறக்கவும் ஒரு பட்டியல் உண்டு. அதிலும் வகைக்கேற்ப 3 நாள், 10 நாள் என்று கெடு இருக்கும்.

இந்த நேரத்தை அளக்கும் போது ஸ்க்ரூ டிரைவர் பிடித்த நேரத்தை மட்டும் எண்ணக் கூடாது. பழுதைக் கண்டுபிடிப்பது, பாகம் வரக் காத்திருப்பது, சோதிப்பது எல்லாம் சேர வேண்டும். சித்தப்பாவுக்கு டிஸ்க் மாற்ற ஆனது 20 நிமிடம். வாரண்டியில் புது டிஸ்க் வந்து சேர 9 நாள். போட்டோக்களுக்கு? வேறு நகல் இல்லாததால் எம்.டி.டி.ஆர். முடிவிலி! போட்டோகிராபரிடம் மிச்சம் இருந்த பாதி மட்டும் கிடைத்தது. எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கும் கணக்கு இதே தான்.

இப்போது சித்தப்பா யு.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிஸ்க் ஒன்றில் வாராவாரம் நகல் எடுக்கிறார். தங்கை வீட்டில் இன்னொரு நகல். போன மாதம் டிஸ்க் போய் விட்டதாகப் பாவித்து, நகலில் இருந்து எல்லாவற்றையும் வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து பார்த்திருக்கிறார். டைரியில் எழுதி வைத்திருக்கிறார்: "எம்.டி.டி.ஆர். 1 மணி 50 நிமிடம். கேபிள் தேடியது 35 நிமிடம்."