ஓவியத்துக்கு நிழல் உண்டா?

கார்ட்டூன் பூனை ஒன்று பாறையின் அடியில் அகப்பட்டு அப்பளம்போல் தட்டையாகிறது. மறுகணமே எழுந்து ஓடுகிறது. நாம் சிரிக்கிறோம், கேள்வி கேட்பதில்லை. அது அந்த உலகத்து நியாயம். ஆனால் அதே பூனை திரையை விட்டு இறங்கி, நம் வீட்டு நாற்காலி ஒன்றில் வந்து அமருமானால் என்ன ஆகும்? நம் கண் உடனே நீதிபதியாகிவிடும். நாற்காலி அசைந்ததா? தரையிலே நிழல் விழுந்ததா? அருகே நிற்கும் மனிதன் பூனையின் முகத்தைப் பார்க்கிறானா, வெறுங்காற்றைப் பார்க்கிறானா? ஐந்து வயதுக் குழந்தையும் இக்கேள்விகளைக் கேட்கிறது. கேட்கிறோம் என்று அறியாமலே கேட்கிறது. ஒன்றில் பிசகினாலும் மாயை கலைந்துவிடும்.

ஓவிய உருவங்களை மெய்யுலகத்துக்கு அழைத்துவரும் படங்களைக் குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றின் அடியிலே கிடக்கும் அறிவியலை நோக்கினால் அவ்வாறு ஒதுக்க மனம் வராது. நண்பர்களே, அயல்நாட்டுக்கு ஓடவேண்டியதில்லை. நம் தமிழிலேயே சான்று இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'ராஜா சின்ன ரோஜா' என்னும் படத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். எஸ். பி. முத்துராமன் இயக்கிய படம். ரஜினிகாந்த், கௌதமி நடித்தது. படத்தின் பெயராலேயே தொடங்கும் பாடலில் நாயகனும் சிறுவர் கூட்டமும் காட்டிலே கார்ட்டூன் விலங்குகளோடு கூடி ஆடுகின்றனர். இத்துறையில் இந்தியத் திரையுலகின் முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. அமெரிக்கர்கள் இதே கலையில் பெரும்புகழ் பெற்ற 'ஹூ பிரேம்ட் ராஜர் ராபிட்' படம் வெளிவந்தது 1988-இல்தான். இரண்டிலும் உருவங்களை வரைந்தது கணினி அன்று, மனிதக் கை.

கையால் வரைந்த காலத்து முறை பொதுவாக இதுதான். முதலில் மனிதரை மட்டும் ஆடவிட்டுப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமின் ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கி அச்சிட்டு ஓவியரின் மேசைக்கு அனுப்புவார்கள். அவர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, மனிதனின் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே நோக்குகிறது என்று கண்டு, அதற்கேற்ப விலங்கை வரைவார். அக்கோடு பின்னர் கண்ணாடிபோல் தெளிந்த தாளுக்கு மாறும். அதன் பின்புறத்தில் வண்ணம் தீட்டப்படும். கடைசியில் ஆப்டிகல் பிரின்டர் என்னும் பொறியில், மனிதர் படத்திலே விலங்கு வரவேண்டிய இடத்தை மட்டும் ஒளிபடாமல் மறைத்து, அக்காலியிடத்தில் விலங்கைப் பதிப்பார்கள். மறைப்பு மயிரிழை விலகினாலும் விலங்கைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். திரையில் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு கட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரே ஒரு விலங்குக்கு 3,600! ஐந்து விலங்குகள் ஆடினால் 18,000. காமிராவும் சேர்ந்து நகருமானால் இரண்டு கட்டங்களுக்கு ஓர் ஓவியம் என்னும் சலுகையும் போய்விடும். மனிதன் 24 முறை நகர, முயல் 12 முறை மட்டும் நகர்ந்தால் அது தரையில் வழுக்குவதுபோல் தோன்றும். ராஜர் ராபிட் படத்தின் ஓவியத் தலைவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் கட்டத்துக்கு ஓர் ஓவியம் வரையச் செய்ததற்குக் காரணம் இதுவே.

அப்படத்தின் நிழலைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஒரு காட்சியில் நடிகர் பாப் ஹாஸ்கின்ஸின் தலை, தொங்கும் விளக்கொன்றில் இடித்துவிடுகிறது. விளக்கு ஊசலாடுகிறது, அறையிலுள்ள நிழல்களெல்லாம் இங்குமங்கும் ஓடுகின்றன. அங்கே நிற்கும் முயலின் மேலும் ஒளியும் இருளும் அதே கதியில் மாறவேண்டுமே! ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்ணம் தனி, நிழல் தனி, மினுமினுப்புத் தனி என்று வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார்கள். விளக்கில் இடிக்காமலே அக்காட்சியை எடுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இடித்ததால்தான் முயல் அந்த அறைக்குள் இருக்கிறது என்று நம் கண் ஒப்புக்கொள்கிறது.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இவற்றினும் பெரிய வியப்பு 1964-இல் வந்த 'மேரி பாபின்ஸ்'. அதில் டிக் வான் டைக் கார்ட்டூன் பென்குவின்களோடு நடனமாடுகிறார். நடிகரின் உருவத்தை மட்டும் எப்படிப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்தார்கள்? நம் ஆய்வுக்கூடத்திலே நாம் நாள்தோறும் திட்டித் தீர்க்கும் சோடியம் ஆவி விளக்கினால்! பின்னால் ஒரு வெண்திரை. அதன்மேல் சோடியத்தின் மஞ்சள் ஒளி மட்டும். நடிகர்மேல் சாதாரண ஒளி. காமிராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியை இரண்டு பிலிம்களுக்குப் பங்கிடுகிறது. ஒன்றில் 589 நானோமீட்டர் மஞ்சள் மட்டும் பதிகிறது. திரை வெளிச்சமாகவும் நடிகர் கறுப்பு உருவாகவும் விழ, மறைப்புப் படம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மற்றொன்றில் அந்த மஞ்சள் வடிகட்டப்பட்டு, நடிகர் இயற்கை வண்ணத்தோடு பதிகிறார். அலைநீளப் பட்டை அவ்வளவு குறுகியது ஆகையால் தலைமயிர், மெல்லிய வலைத்துணி இவற்றின் விளிம்புகூடச் சிதையவில்லை. பெட்ரோ வ்லாஹோஸ் என்னும் பொறியாளர் வளர்த்த முறை இது. இராமன் ஒளியை ஆராய்ந்த இந்நகரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது சற்றே பெருமிதம் உண்டாகிறது; பொறுத்தருள்க.

இன்று கணினி வந்துவிட்டது. பளபளக்கும் உலோகக் கோளம் ஒன்றைப் படப்பிடிப்புத் தளத்தில் வைத்துப் படமெடுத்து, எத்திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்து, அதே ஒளியைச் சித்திர உருவின்மேல் கணக்கால் பொழிகிறார்கள். கேள்வி மட்டும் பழைய கேள்வியே: நிழல் எங்கே?

நடிகரின் பங்கையும் சொல்லவேண்டும். எதிரே எதுவும் இல்லாமல் நடிப்பது எளிதன்று. 1914-இல் வின்சர் மெக்கே என்னும் அமெரிக்க ஓவியர் தாமே மேடையில் நின்று, திரையிலிருந்த 'கெர்டி' என்னும் டைனோசருக்கு ஆப்பிளை எறிவதுபோல் பாவனை செய்வார்; அது திரையிலே விழுங்கும். பார்வையும் நேரமும் பொருந்தியதால்தான் மக்கள் ஏற்றனர்.

சென்ற மாதம் விடுதியில் என் வங்க நண்பனுக்கு ராஜா சின்ன ரோஜாப் பாடலைப் போட்டுக் காட்டினேன். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவன், ரசித்தான். "வரைந்தவர் யார்?" என்றான். "ராம் மோகன்" என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்கள் ராயின் படத்துக்கு வரைந்தவரா?"

ஆம், அவரேதான். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்திலே, வெள்ளையர் இந்திய அரசுகளைச் செர்ரிப் பழங்களாக விழுங்கும் கேலிச்சித்திரப் பகுதி அவர் கைவண்ணம். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) படத்துச் சித்திரப் பகுதியும் அவருடையதே. சென்னைப் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டதாரி. 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னி நிறுவனத்து ஓவியர் கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்த காலம் அது. ஜப்பானியரோடு இணைந்து 1992-இல் இராமாயணத்தை முழுநீளச் சித்திரப்படமாக்கியவர்களுள் ஒருவர். 2014-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் மறைந்தார்.

தமிழன் அப்பாடலை ரஜினி பாட்டு என்கிறான். வங்காளி அப்படத்தை ராய் படம் என்கிறான். இருவர் வீட்டிலும் விளக்கேற்றிய கையை என் நண்பன் அறிந்திருந்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அன்றிரவு அவன் அந்தச் செர்ரிப்பழக் காட்சியைத் தேடி எனக்குக் காட்டினான். பிறகு, நான் கேளாமலே, காட்டு விலங்குகளின் பாட்டை மறுமுறை போடச் சொன்னான்; இம்முறை அவன் கண்கள் நாயகன்மேல் இல்லை, விலங்குகளின் காலடியில் இருந்தன.